காட்டின் மேல் போட்ட பழி

நேற்று சாயங்காலம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உங்கள் ப்ளாட்டுக்குக் கீழே கொசுப் புகை அடித்தார்கள். டீசலும் மருந்தும் கலந்த அந்த நாற்றம், படியேறிக்கொண்டிருந்த என் தொண்டையைப் பிடித்தது. வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்தினார்கள். இரண்டாம் மாடியில் ஓர் அக்கா காயப்போட்ட துணிகளை அவசரமாக வாரிக்கொண்டு, "எப்பவும் துணி காயிற நேரம் பாத்துத்தான் வருவானுங்க" என்று திட்டினாள். நான் பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். இருமல் வந்தது. இருமலோடு கோபமும் வந்தது. கீழே முகமூடி போட்டுக்கொண்டு புகை இயந்திரத்தைத் தோளில் மாட்டி நடந்த அந்த ஆளையா திட்ட முடியும்? அவரை அனுப்பிய இடத்துக்கு அவர் வருகிறார். அனுப்புகிறவர்களுக்குத்தான் எப்போது அனுப்ப வேண்டும் என்று தெரிவதில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் இந்தப் புகை முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டியது.

நீ டெங்கியில் செத்தாய். இப்படிப் பச்சையாக எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ போன நாளிலிருந்து இந்தச் சின்ன உண்மையை ஊரில் ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. சாவு வீட்டில் உன் சொந்தக்காரர்கள் "காட்டுக் காய்ச்சல்" என்றார்கள். பக்கத்து வீட்டு ஆன்டி "பொம்பளப் பிள்ளைய காட்டுக்கு அனுப்பினா வேற என்ன ஆகும்" என்றார். உன் பெரியப்பா ஒருபடி மேலே போய், ஏதோ காவல் தெய்வம் அடித்துவிட்டது என்று பேச ஆரம்பித்தார். நீ கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தாய். நீ மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தால் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாய்.

உனக்குக் காட்டைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் மூக்கு சிவக்கும். நாம் பழகத் தொடங்கிய முதல் வாரமே அதைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் வகுப்புப் பட்டியலில் நம் பெயர்கள் அடுத்தடுத்து இருந்ததால் களப்பணிக்கு உன்னையும் என்னையும் சோடி சேர்த்தார்கள். உலு லங்காட் பக்கத்துக் காடு. என்னைக் கூட்டிப்போக நீ உன் மாமாவின் பழைய கஞ்சில் காரில் கிள்ளானுக்கு வந்தாய். சருகுமான் பேர் வைத்த காரில் காட்டுக்குப் போவது பொருத்தம்தான் என்று நீயே சொல்லிச் சிரித்துக்கொண்டாய். என் அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர், எதற்கும் லேசில் பயப்படாத மனுஷன். அவர் வாசலில் நின்றுகொண்டு, "அங்க புலி கிலி இருக்குமாம்மா?" என்று உன்னிடம் கேட்டார். "இருந்தா நல்லா இருக்கும் அங்கிள். ஆனா எங்க ரெண்டு பேரையும் வச்சு சமாளிக்கிறது புலிக்குத்தான் சுசா, ரொம்பக் கஷ்டம்" என்றாய். அப்பா சிரித்துவிட்டார். அனுமதி அப்படித்தான் கிடைத்தது.

காட்டுக்குள் போன முதல் நாள் என் காலில் ஏறிய அட்டைகளைப் பார்த்து நான் அழுதேன். நீ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்தாய். "இதுக்கெல்லாம் அழுதா எப்படி? உன் ரத்தம் கொஞ்சம் குடிச்சிட்டுப் போவுது, அவ்ளோதான். நம்ம சொந்தக்காரங்கள விட தேவல" என்றாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதன்பிறகு நான் அட்டைக்கு அழுததில்லை.

நமக்குக் கொடுத்த வேலை பறவைக் கணக்கு. விடிந்ததும் குறித்த இடத்தில் அசையாமல் நின்று, காதில் விழும் குரல்களை எல்லாம் எழுத வேண்டும். மழைக்காட்டில் பறவையைக் கண்ணால் பார்ப்பது அரிது. இலைக்கு மேல் இலை, அதற்கும் மேல் இலை. காதை வைத்துத்தான் பிழைப்பு. இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ, அந்த விசில் கேட்டது. மெல்லிய, நீளமான விசில், கடைசியில் கொஞ்சம் வழுக்கி இறங்கும். நீ உடனே உதட்டைக் குவித்து அப்படியே திருப்பி அடித்தாய். உன் வீட்டில் விசிலுக்குத் தடை. பள்ளிக்கூடக் கெண்டீன் வேலை முடிந்து வரும் உன் அம்மா, படிக்கட்டில் உன் விசில் சத்தம் கேட்டாலே "பொட்டப்புள்ள என்ன விசில் அடிக்குது" என்று கரண்டியைத் தூக்குவார். காட்டில் உன்னைக் கேட்பார் இல்லை. நீ அடித்தாய். எங்கிருந்தோ பதில் வந்தது.

அந்தக் குரல் எந்தப் பறவையோடும் ஒத்துப்போகவில்லை. நமக்குக் களப்பணிப் பாடம் எடுத்த, தமிழரான விரிவுரையாளர் சாரிடம் நீ அவர் அறையிலேயே நின்று விசில் அடித்துக் காட்டினாய். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சார் தன்னிடம் இருந்த பறவைக் குரல் பதிவுகளை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, கையை விரித்தார். உனக்குத் தலைகால் புரியவில்லை. பெயர் தெரியாத பறவை! உன் அம்மாவின் கெண்டி கொதிக்கும்போது வரும் சத்தம் மாதிரி இருக்கிறது என்று நீயே 'கெண்டிக் குருவி' என்று பெயரும் வைத்துவிட்டாய். காட்டுக்குப் போகும் நாளெல்லாம் கெண்டிக் குருவி, கெண்டிக் குருவி என்று எழுதினோம். அது எத்தனை சோடி இருக்கும், எங்கே கூடு கட்டும் என்று கஞ்சிலுக்குள் உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வாதாடினோம்.

பிறகு அந்தக் காலை. முந்தின நாள் கொட்டிய மழையில் பாதையெல்லாம் சொதசொதவென்று இருந்தது. விலங்குகள் உப்பு நக்க வரும் சேற்றுப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நாம் நின்றோம். விசில் கேட்டது, மிக அருகில், முழங்கால் உயரத்திலிருந்து. "குருவி தரையில இருக்குடி" என்று என் காதில் முணுமுணுத்துவிட்டு நீ பதில் விசில் அடித்தாய். புதர் விலகியது. வெளியே வந்தது பறவை இல்லை. தர்பூசணிப் பழத்துக்குக் கால் முளைத்த மாதிரி, உடம்பெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியுமாக ஒரு தாப்பிர் குட்டி. அது உன்னையே பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை விசில் அடித்தது. அதன் பின்னால் தாய் வந்தது. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை வேட்டி சுற்றிவிட்டது போன்ற பெரிய உடம்பு. குட்டையான தும்பிக்கையை மேலே தூக்கிக் காற்றை மோந்தது. தாப்பிர் சாது என்பார்கள், ஆனால் குட்டி வைத்திருக்கும்போது கடித்தால் கை போய்விடும். நீ என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாய். மூச்சு விடாமல் நின்றோம். தாய் நம்மைப் பார்த்தது, சலித்துக்கொண்டது போல் திரும்பியது, குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு மறுபக்கம் இறங்கிப் போனது.

நீ அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாய். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாய். நாம் அத்தனை நாளாகப் பறவைக் கணக்கில் ஒரு காண்டாமிருகத்துக்குச் சித்தப்பா மகனை எழுதிக்கொண்டிருந்தோம்! அப்படியொரு தப்பை நம் இருவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. வேறொருத்தியாக இருந்தால் வெட்கப்பட்டு மூடி மறைத்திருப்பாள். நீ வகுப்புக்கு முன்னால் நின்று, விசிலும் அடித்துக் காட்டி, நடந்ததைச் சொன்னாய். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு நீ சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. "பாத்தத மட்டும் எழுதணும். நெனச்சத எழுதக் கூடாது. நாங்க நெனச்சத எழுதிட்டோம்." சார் அன்று உன்னை எழுந்து நின்று பாராட்டினார்.

அதே சார்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

குட்டித் தாப்பிர் உன்னை விடவில்லை. மேற்படிப்புக்கும் அதையே எடுத்துக்கொண்டாய். துண்டு துண்டாக வெட்டப்பட்ட காடுகளுக்கு நடுவே அவை எப்படிச் சாலையைக் கடக்கின்றன, எங்கே அடிபடுகின்றன என்று ஊர் ஊராக அலைந்தாய். காட்டில் பாம்பைத் தாண்டினாய். கரடி கீறிய மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டாய். ஆற்று வெள்ளம் ஏறிய நாளில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். ஒன்றும் ஆகவில்லை உனக்கு. ஒரு தும்மல்கூட இல்லை.

ஆபத்து உன் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அங்கே பழைய கடைவீடுகளை இடித்துவிட்டு, அடுக்குமாடி கட்டுவதற்குப் பெரிய குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். என்ன தகராறோ, வேலை நின்றுபோனது. சுற்றித் தகர வேலி, கேட்டில் பூட்டு, குழியில் மழைத் தண்ணீர். நீ அப்போது ஆய்வேட்டை எழுதி முடிக்க வீட்டிலேயே அடைந்து கிடந்தாய். மாதக் கணக்கில் காட்டுப் பக்கமே போகவில்லை. ஒருநாள் நான் வந்தபோது ஜன்னலைக் காட்டி, "பாருடி, நம்ம தாப்பிருக்கு ஏத்த குளம்" என்றாய். கேலி செய்ததோடு நிற்காமல் நகராட்சிக்கும் போன் போட்டாய். "பதிவு பண்ணிக்கிட்டாங்களாம் லா" என்று கையை ஆட்டினாய். இன்னொரு தடவை போட்டாய். இன்னொரு தடவை பதிவு செய்துகொண்டார்கள்.

அப்புறம் காய்ச்சல். க்ளினிக்கில் பனடோல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உன் அம்மா பப்பாளி இலையை இடித்துச் சாறு கொடுத்தார். நான் இளநீர் வாங்கி வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்த அணுக்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. டெங்கி என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார், நானும் பக்கத்தில்தான் நின்றேன். கடைசியாக நீ என்னிடம் பேசியது உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி. அதில் ஒரு படம் தலைகீழாக இருக்கிறதாம், பார்த்துச் சரி செய்யச் சொன்னாய். சரி செய்துவிட்டேன்.

உன்னைப் புதைத்த மண் காய்வதற்குள் உன்னைக் காட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்த வருடம் நான் உதவி விரிவுரையாளராக வேலை பார்க்கும் நம் துறையிலேயே அந்தப் பேச்சு எழுத்தாக வந்தது. கிள்ளானிலிருந்து வரும் யாழினி என்ற இரண்டாம் ஆண்டு மாணவி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நான் கேட்டது தாப்பிர் ப்ராஜெக்ட். எனக்குக் குடுத்திருக்கிறது லேப்ல தவள எலும்ப கழுவுற வேல. பையனுங்க மட்டும் காட்டுக்குப் போறானுங்க. கேட்டா பொண்ணுங்களுக்கு இனிமே அனுமதி இல்லையாம்."

"யாரு சொன்னது?"

"சுற்றறிக்கை வந்திருக்குக்கா. முன்னாடி ஒரு அக்கா காட்டுல காய்ச்சல் வந்து செத்துட்டாங்களாம். அவங்களாலதான் எங்களுக்கு இந்த நெலம."

அவங்களால். உன்னால்! சுற்றறிக்கையைப் பார்த்தேன். உன் பெயர் இல்லை, "களப்பணியின்போது ஏற்பட்ட காய்ச்சலால் மரணமடைந்த முன்னாள் மாணவி" என்று மலாயில் எழுதியிருந்தது. நீ அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போயிருப்பாயே அந்தக் காட்டுக்கு, இப்போது அதன் வாசலில் உன்னையே பூட்டாக மாட்டியிருந்தார்கள். பையன்களைக் காய்ச்சல் பிடிக்காதா? அட்டை அவர்களை அண்ணே என்று விட்டுவிடுமா? பெண்களை வீட்டில் உட்கார வைக்க எத்தனையோ நாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நீ செத்தது வசதியாகப் போய்விட்டது. அன்று வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு இறங்கவில்லை.

நேராகச் சாரிடம் போனேன். அந்தச் சுற்றறிக்கையை அனுப்பிய களப்பணிப் பாதுகாப்புக் குழுவில் அவரும் ஒருவர்.

"நல்லதுக்குத்தானேம்மா செய்றோம்" என்றார். "நாளைக்கு இன்னொரு பிள்ளைக்கு ஒண்ணு ஆனா பெத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"சார், அவளுக்கு வந்தது டெங்கி. அவ காட்டுக்குப் போய் மாசக் கணக்கா ஆச்சு."

"அவங்க அம்மாவே என் கையப் பிடிச்சிக்கிட்டு, காட்டுல புடிச்சது சார்னு அழுதாங்களேம்மா. பெத்தவங்க சொன்னத நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

காரை எடுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன்.

உன் அம்மா மறுநாள் பள்ளிக்கூடக் கெண்டீனுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. "ஏன் ஆன்டி பொய் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வேகத்தில் குரல் உயர்ந்துவிட்டது. ஆன்டி தலையைத் தூக்கவில்லை. கத்தி மட்டும் நின்றது. அதன் நுனியால் தாழ்வாரத்தைக் காட்டினார். அங்கே எப்போதும் இருக்கும் கருவேப்பிலைத் தொட்டி இல்லை.

"அவ வார்டுல இருக்கும்போது நான் குளிக்க வீட்டுக்கு வந்தேன். சுகாதார ஆளுங்க வாசல்ல நிக்கிறானுங்க. டெங்கி கேஸ் வந்தா வீட்ட செக் பண்ணணுமாம். டார்ச் அடிச்சி தொட்டிக்கு அடியில பாத்தான். ஐஸ்கிரீம் டப்பாவோட மூடிய வச்சிருந்தேன்ல, தண்ணி ஒழுகாம இருக்க. அதுல புழு நெளியுது. போட்டோ எடுத்துட்டு அபராத சம்மன் எழுதிக் குடுத்தான். 'மாச்சிக், இதுலேருந்துதான்' அப்படின்னான்." ஆன்டி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அவ சொல்லிக்கிட்டேதான் இருப்பா, தண்ணியக் கொட்டும்மா, கொட்டும்மான்னு. நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன். சாவு வீட்டுல எல்லாரும் காடு காடுன்னாங்க. நானும் காடுன்னுட்டேன். வேற என்னத்தச் சொல்வேன்?"

என் கோபம் எல்லாம் காலடியில் விழுந்துவிட்டது. விழுந்த இடத்திலிருந்து வேறு கோபம் கிளம்பியது.

"ஆன்டி, வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தானுங்களா?"

"கேட்டு பூட்டியிருக்கு, ஆள் இல்லன்னு போய்ட்டானுங்க."

பார்த்தாயா? ஒரு மூடித் தண்ணீருக்கு டார்ச் அடிக்கிறார்கள். ஒரு குழித் தண்ணீருக்குப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எந்தக் கொசு எங்கே பிறந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அந்த ஆளுக்கும் தெரியாது. ஆனால் கதவைத் திறந்துவிட்ட ஏழைப் பெண்ணிடம் மட்டும் அவனால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, இதுலேருந்துதான் என்று. ஒரு தாயிடம், மகள் வார்டில் கிடக்கும்போது! அந்த ஒரு பேச்சைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா இத்தனை மாதம் அத்தனை பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறியிருக்கிறார்.

நான் யாழினியைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் திரும்பிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். உண்மையைச் சொல்ல வைத்தால் அந்த மூடி ஆன்டியின் தலையில் ஊரறிய விழும். சொல்லாமல் விட்டால் நீ பூட்டாகவே தொங்குவாய். உன் அம்மா வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என் மகள காட்டியா அந்தப் புள்ளைங்கள நிறுத்துறானுங்க?"

"ஆமா ஆன்டி. அந்தக் குழு அடுத்து கூடும்போது போய்ப் பேசலாம்னு இருக்கேன்."

"எப்ப மீட்டிங்?"

குழு கூடிய அன்று ஆன்டி கெண்டீனுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். குளிரூட்டிய அறை, நீள மேசை, நடுவில் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர், பக்கத்தில் சார். நான்தான் முதலில் பேசினேன். நீ கடைசியாக எப்போது காட்டுக்குப் போனாய், காய்ச்சல் எப்போது வந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எதையும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை, எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை என்றார். நிச்சயமில்லாததை எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டேன். நீ வகுப்பில் சொன்னதைச் சாரைப் பார்த்துச் சொன்னேன், அவர் எழுந்து நின்று பாராட்டியதையும் சேர்த்து. அவர் மேசையைப் பார்த்தார்.

அப்போது ஆன்டி எழுந்தார். "அனாக் சாயா கெனா டெங்கி டி ரூமா. புக்கான் டி ஹுத்தான்." என் பிள்ளைக்கு டெங்கி வந்தது வீட்டில், காட்டில் இல்லை. கெண்டீனில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் அதே குரல். பிறகு மூடியைப் பற்றிச் சொன்னார், எல்லாவற்றையும், மலாயில், நிறுத்தி நிறுத்தி. கடைசியில் சாரிடம் திரும்பித் தமிழில், "சாவு வீட்டுல உங்ககிட்ட நான் சொன்னது பொய் சார். எனக்குத் தாங்கல, அதான் சொன்னேன். அத நம்பி இந்தப் புள்ளைங்கள அடைச்சி வைக்காதீங்க. எம்புள்ள ஒரு நாளும் மன்னிக்க மாட்டா" என்றார்.

நான் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அந்த மூடி மட்டும்தானா, வேலிக்குப் பின்னால் இருந்த குளத்தை யார் கேட்பது, அவள் போன் செய்தபோது யார் கேட்டார்கள் என்று. அது எங்கள் வேலை இல்லை என்றார் தலைவர். உண்மைதான், அவர் வேலை இல்லை. இந்த ஊரில் அது யார் வேலையும் இல்லை. பிறகு நகராட்சிக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் நான் எழுதினேன். பதிவு செய்துகொண்டார்கள்.

அன்று எல்.ஆர்.டி. ரயிலில் திரும்பி வந்தோம். "அது உங்க தண்ணி இல்ல ஆன்டி" என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். என் முழங்கையைத் தட்டி நிறுத்தினார். "என் தண்ணியோ அவன் தண்ணியோ, எனக்குத் தெரியாது. நீயும் எனக்காக இல்ல இல்லன்னு சொல்லாத. காடு இல்லன்னு தெரியும். தெரிஞ்சத சொல்லிட்டேன், போதும்" என்றார்.

புதிய சுற்றறிக்கை வந்தது. அந்த வாக்கியம் இல்லை. காட்டுக்கு யார் போனாலும் சோடியாகப் போக வேண்டும், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. முதலிலேயே இதை எழுதியிருக்கலாம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது, உன் அம்மாவுக்கு ஒரு போன்கூடக் கிடையாது. சார் மட்டும் படிக்கட்டில் என்னைப் பார்த்து, "நான் விசாரிச்சிருக்கணும்மா" என்றார். ஆமாம் சார், என்றேன். அதற்கு மேல் இனிமையாகப் பேச எனக்கு வரவில்லை. யாழினி போன வாரம் காட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கணுக்காலெல்லாம் அட்டைக் கடி. அதை எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, நீ இல்லையே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

நேற்று ஆன்டியைக் கீழே சாப்பிடக் கூட்டிப்போனேன். குழி இருந்த இடத்தில் இப்போது கட்டடம் பாதி எழும்பிவிட்டது. முன்னால் கண்ணாடி போட்ட விற்பனைக் கூடம் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் பெரிய படம்: பச்சை இலைகள், அருவி, நகரத்தின் நடுவே மழைக்காட்டு வாழ்க்கை என்று ஆங்கில எழுத்து. ஆன்டி அதைப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கோட்டு போட்ட ஒரு தமிழ்ப் பெண் ஓடி வந்தாள். "வாங்கக்கா, ஷோ யூனிட் பாக்கலாமா?" என்றாள். மேசை மேல் பொம்மைக் கட்டடம், பிளாஸ்டிக் மரங்கள், நீல நிறத்தில் நீச்சல் குளம். இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா என்று கேட்டேன். பழைய கடைகள் என்றாள். அதற்கப்புறம், என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். குழி, பூட்டு, தண்ணீர், ஜன்னல், நீ போட்ட போன்கள், எல்லாம் சொன்னேன். கத்த வேண்டும் என்றுதான் உள்ளே போனேன். அந்தப் பெண் சம்பளத்துக்கு நிற்கிறவள், அவளிடம் கத்தி என்ன செய்வது? குரலை உயர்த்தாமலே சொல்லி முடித்தேன். இதைத்தான் நான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன். கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் யாராவது காடு என்று வாயைத் திறந்தால், நடந்தது இது என்று சொல்கிறேன். கோபம் ஆறிவிட்டால் சொல்வதை நிறுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால் ஆற விடுவதில்லை.

அவள் கையில் இருந்த விளம்பரத் தாளை என்னிடம் நீட்டவில்லை. மேசை மேல் வைத்துவிட்டாள். "அந்த அக்கா பேரு என்னக்கா?" என்று கேட்டாள்.

இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. உன் பெயரைச் சொன்னேன், அடையாள அட்டையில் இருப்பது போல முழுதாக. அந்தப் பெண் அதை மெதுவாக ஒரு முறை திருப்பிச் சொன்னாள்.